நான் நேராக்கிய இழைப்புளி

1

நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன். கராஜுக்குப் போவது, விளக்கைப் போடுவது, அலமாரியைப் பார்ப்பது, ஒன்றும் செய்யாமல் திரும்பி வருவது. ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி சாந்தி, "ஒரு எடத்துல இருக்கியளா? காலுல சக்கரமா கட்டியிருக்கு?" என்று கேட்டாள். பெர்த்துக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகியும் அவளுடைய திருச்செந்தூர்ப் பேச்சு மாறவில்லை. தீபாவளி முடிந்த மறுநாளிலிருந்து இப்படித்தான் அலைகிறேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், வெளிநாட்டுக்காரன் எழுதினால் பனி, தனிமை, சாப்பாட்டுக் கஷ்டம் என்று ஏதாவது வரும் என எதிர்பார்ப்பீர்கள். இங்கே பனி பெய்யாது. சாப்பாட்டுக்கும் குறைவில்லை, கருவாடு முதற்கொண்டு கிடைக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது ஒரு இழைப்புளியைப் பற்றி. பலகையைச் சீவி வழவழப்பாக்கும் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு, தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இருக்கும் ஒரு மனிதனுக்கு நான் செய்த காரியத்தைப் பற்றி. அது நல்ல காரியம் இல்லை.

என்னிடம் முப்பத்தொரு இழைப்புளிகள் இருக்கின்றன. நான் தச்சன் இல்லை. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பலசரக்கு வியாபாரம். நான் இங்கே துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். இறைச்சியும் மீனும் ஏற்றிய குளிர்பெட்டிகளின் வெப்பநிலையை நாள் முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எண் ஏறினால் போன் அடிக்க வேண்டும். பெரும்பாலும் ஏறாது. சும்மா இருந்து இருந்து கை இரண்டும் குறுகுறுக்க ஆரம்பித்த காலத்தில்தான், யாரோ வேண்டாமென்று தெருவோரம் வைத்திருந்த தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில் என் முதல் இழைப்புளியைக் கண்டேன். துருவைத் தேய்த்து, இரும்பைத் தீட்டி, ஒரு பைன் பலகையில் வைத்துத் தள்ளினேன். மெல்லிய சுருள் ஒன்று எழுந்து வந்து என் விரலில் விழுந்தது. "அடி சக்கை!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அன்று பிடித்த பித்து.

பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கதவுக்கு ஒன்று, பள்ளம் எடுக்க ஒன்று, ஓரம் மழிக்க ஒன்று. வாங்கி வைத்து அழகு பார்ப்பவன் இல்லை நான். எல்லாவற்றிலும் வேலை செய்வேன். வீட்டில் இருக்கும் சாப்பாட்டு மேசை, செருப்பு அலமாரி, சாந்தியின் பூசை மாடம் எல்லாம் நான் செய்தவை. என் மகள் தேன்மொழிக்குப் பத்தொன்பது வயதாகிறது. அவளுடைய தமிழில் இழைப்பது என்ற சொல் இல்லை. வீட்டுக்கு யாராவது வந்து என்னைக் கேட்டால், "அப்பா கராஜ்ல மரத்தைச் சொரிஞ்சுக்கிட்டு இருக்கார்" என்பாள்.

2

ஜூலையில் அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன். அதற்காகத் தூத்துக்குடி போயிருந்தேன். அக்கா திரேஸ்புரம் போகிற வழியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாள். மாதா கோயில் திருவிழா நெருங்கிய நேரம், அந்தப் பக்கமெல்லாம் வீடு வீடாக வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஒழித்துப் போட்ட சாமான்களெல்லாம் பழைய இரும்புக் கடையில் மலையாகக் குவிந்து கிடந்தன. என்னால் அந்தக் கடையைத் தாண்டிப் போக முடியுமா? ஒரு சாக்கைக் கவிழ்த்தேன். வளைந்த ஆணிகள், மின்விசிறி இறக்கை, அதற்கடியில் ஒரு மர இழைப்புளி. கன்னங்கரேலென்று, எண்ணெய் ஊறி, கையில் எடுத்தால் கல் மாதிரி கனத்தது. தலைப்பக்கம் சின்னதாக ஒரு சிலுவை செதுக்கியிருந்தது. நூறு வருடத்துப் பொருள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். கடைக்காரர் அதை நிறுத்துப் பழைய இரும்பு விலைக்கே கொடுத்தார்.

அக்கா கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு அதைத் தடவிப் பார்த்தாள்.

"ஏலே, ஊருல உள்ளவன் எல்லாம் மக்ரூனும் கருப்பட்டியுமா கொண்டு போறான். நீ கட்டையத் தூக்கிட்டுப் போற. ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்காலே?"

பெர்த் விமான நிலையத்தில் மரச்சாமான் இருப்பதாக நானே எழுதிக் கொடுத்தேன். சோதனை செய்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். கட்டையில் குண்டூசி முனையளவு நாலைந்து துளைகள் இருந்தன. பூச்சி இருக்குமோ என்றார். அதெல்லாம் எப்போதோ செத்துப்போயிருக்கும் என்று சொல்ல நினைத்தேன். குளிர்பெட்டி வேலையிலேயே ஊறிய நாக்கு, பூச்சிகள் காலாவதியாகிவிட்டன என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசீது எழுதினார். என் இழைப்புளியை இரண்டு வாரம் குளிர்பெட்டியில் உறைய வைத்துத் திருப்பித் தந்தார்கள். இதை அக்காவிடம் போனில் சொல்லி, இந்த நாட்டுச் சட்டதிட்டங்களைப் பற்றி அரைமணி நேரம் அங்கலாய்த்தேன். வெளிநாட்டில் இருப்பவனுக்கு அது ஒரு பெருமை. கடுமையான ஊரில் காலம் தள்ளுகிறோம் என்று காட்டிக்கொள்ளலாம்.

3

வீட்டுக்குக் கொண்டு வந்து மேசையில் வைத்தேன். தொட்டில் மாதிரி ஆடியது.

அடி வளைந்திருந்தது. பலகை மேல் படுகிற அந்தப் பக்கம் நேராக இருக்க வேண்டும், இது நடுவில் வயிறு தள்ளி நின்றது. வளைந்த அடியுள்ள இழைப்புளிகள் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. பீப்பாய் செய்கிறவர்களுடையது என்னிடமே ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் வளைவு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். இதில் முன்பக்கம் அதிகம், பின்பக்கம் குறைவு, அதோடு ஒரு பக்கமாகச் சரிவு வேறு. வெயிலிலும் மழையிலும் கிடந்து முறுக்கிக்கொண்டது என்று நினைத்தேன். சரி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அதை விட மோசமாகவும் ஒன்று நினைத்தேன். நம்ம ஊர் ஆட்களுக்கு ஒரு அடியை நேராக வைத்துக்கொள்ளத் தெரிகிறதா பார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமைகளில் நான் போகும் மரவேலைக் கொட்டகையில் கிரெக் என்றொருவர் உண்டு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, இழைப்புளியின் அடியை அதில் தேய்த்து, அடிக்கும் அளவுகோலுக்கும் நடுவே வெளிச்சம் புகாதபடி நேராக்குவது அவருடைய மதம் மாதிரி. எனக்கும் அதே மதம்தான். மூன்று சனிக்கிழமை தேய்த்தேன். தோள்பட்டை கழன்றது. வயிறு கரைந்து, கரைந்து, கடைசியில் அடி முழுவதும் ஒரே மட்டமாயிற்று. வயிறு போனதில் இரும்பு எட்டிப் பார்க்கிற வாயும் அகன்றுவிட்டது. அதற்கும் ஒரு துண்டு மரம் வைத்து ஒட்டினேன். கிரெக் அளவுகோலை வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி பூரித்துப்போனேன். தேய்த்த தூளைக் கூட்டிக் குப்பையில் போட்டேன்.

4

சரஸ்வதி பூசைக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தேன். முப்பத்தொரு இழைப்புளிகளையும் கராஜில் வெள்ளை வேட்டி விரித்து வரிசையாக வைத்துச் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தேன். நடுநாயகமாகத் தூத்துக்குடிக் கட்டை. பொரி, சுண்டல், வாழைப்பழம். சாந்தி படம் எடுத்தாள். குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். அக்கா உடனே அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். அவளுக்கு எப்போதும் தம்பி பெருமைதான்.

இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தெரியாத இந்திய எண்ணிலிருந்து போன்.

"அண்ணாச்சி, நான் மிக்கேல் பேசுதேன். திரேஸ்புரத்துலேந்து. தோணி வேலை பாக்குத ஓடாவி. ஒங்க அக்கா கடையில நம்பர் வாங்குனேன். தப்பா நெனைக்காதிய."

ஓடாவி என்றால் எங்கள் கடற்கரையில் படகு கட்டுகிற தச்சர். குரலைக் கேட்டால் நாற்பது வயது சொல்லலாம். அவர் மனைவி ரோஸ்லின் அரிசி வாங்க வந்த இடத்தில் அக்கா தன் ஸ்டேட்டஸைக் காட்டிப் பீற்றியிருக்கிறாள். ரோஸ்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டு இழைப்புளில்லா? சிலுவ கெடக்கு பாருங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

"நான் மாலத்தீவுல வேலைக்குப் போயிருந்த சமயம். வெள்ளையடிக்க வந்த எம் மச்சினன் சாமானோட சாமானா இத இரும்புக் கடையில போட்டுட்டான். வந்து தேடித் தேடிப் பாத்தேன். நீங்க காசு குடுத்து வாங்குனது, நான் ஒண்ணும் சொல்லல. அந்தக் காச நான் குடுத்துருதேன். அது மட்டும் திரும்பக் கெடச்சா போதும் அண்ணாச்சி."

"அதுக்கு என்ன தம்பி, தந்துருதேன்" என்றேன். வாயில் இருந்து தானாக வந்தது.

அவர் மூச்சு விட்டது போனில் கேட்டது. ஒரு தோணி கரையேற்றி நிற்கிறதாம். சரக்கு ஏற்றித் தீவுகளுக்குப் போகிற பெரிய மரத் தோணி. வலப்பக்கம் நாலு பலகை மாற்ற வேண்டும். மற்ற இடத்தையெல்லாம் மின்சார மிஷினிலேயே ஓட்டிவிடுவார். "முன்னாடி வளைஞ்சு ஏறுத எடத்துல பலகையோட உள்பக்கத்தக் குடைஞ்சு சீவணும்லா, அதுக்கு மிஷின் ஆவாது. இதோட வயித்த வச்சுப் பாத்தாத்தான் அந்த வளைவு தெரியும். ஆடாம உக்காந்தா சரின்னு அர்த்தம். தீவாளி அமாவாசைத் தண்ணிக்குத் தோணிய எறக்கணும்னு மொதலாளி நிக்காரு. அதுக்கு முன்னாடி வந்துருமா?"

கையில் தேநீர்க் கோப்பையோடு கராஜ் வாசலில் நின்றேன். உள்ளே அலமாரியில் அது இருந்தது. வயிறே இல்லாமல்.

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். தம்பி, நான் தெரியாமல் அடியை நேராக்கிவிட்டேன். இவ்வளவுதான். ஆனால் என் மனதில் அது நூறு வருடத்துச் சொத்து. அவருடைய தாத்தாவோ பூட்டனோ செதுக்கியிருப்பார், ஒரு வம்சத்தின் கையிருப்பை உப்புத்தாளில் தேய்த்துக் கரைத்துவிட்டேன், இதை எந்த வாயால் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே சப்பைக்கட்டு வெளியே வந்தது.

"அனுப்பிருதேன் தம்பி. மரச்சாமான்லா, இங்கன ரூல்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு வாரம் ஆவும்."

"ஆமா, ஒங்க அக்கா சொன்னாவ. ஐசுல எல்லாம் வைப்பாங்களாமே" என்றார் மிக்கேல். நம்பிவிட்டார்.

5

இருபத்திரண்டு வருடம் எந்தச் சட்டதிட்டங்களைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அவற்றின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். வசதியான இடம். ஊரில் இருப்பவர் யாரும் எட்டிப் பார்த்துச் சரிபார்க்க முடியாது.

வேலையிலிருந்து வந்ததும் நேரே கராஜ். வளைவைத் திரும்பக் கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முன்னும் பின்னும் சீவி எடுத்தால் நடுவில் வயிறு வந்துவிடும். ஆனால் எவ்வளவு வயிறு? தேய்ப்பதற்கு முன்பு நான் எடுத்த படங்கள் மேலேயிருந்து எடுத்தவை, சிலுவை தெரிவதற்காக. பக்கவாட்டில் ஒன்றே ஒன்று, அதுவும் கலங்கலாக. அதை வைத்து அட்டையில் வளைவு வெட்டினேன். வேறொன்று வெட்டினேன். பதினொரு அட்டைகள் வெட்டினேன், பதினொன்றும் பதினொரு விதம். உளியை எடுத்து வைப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். மிக்கேலிடம் கேட்டால் வளைவு தெரிந்துவிடும். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது வாரம் மிக்கேல் அழைத்தபோது, பெட்டியில் போட்டு சீல் வைத்தாயிற்று, ஒரு அதிகாரி கையெழுத்து மட்டும் பாக்கி என்றேன். இல்லாத அதிகாரிக்கு லீவு கூடக் கொடுத்தேன். பொய் சொல்ல என் வாய் கூசவே இல்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

அக்கா வேறு போன் பண்ணினாள். "ஏலே, நாந்தான் வாக்கு குடுத்திருக்கேன். எந்தம்பி சொன்னா சொன்னதுதான், பொறுத்துக்கிடுங்கன்னு. ரோஸ்லின் தினம் கடைக்கு வாரா, எம் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கா. வேற வேலை ஒண்ணு வந்ததக் கூட அவன் வேண்டாம்னுட்டானாம், தோணிய முடிக்கணும்னு. எப்பம்லே வரும்?"

"வருதுக்கா. கெளம்புத நேரந்தான்."

யார்டில் அந்த நாட்களில் இரண்டு தடவை வெப்பநிலை ஏறியதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

6

தேன்மொழியோடு நான் பேசுவது குறைந்துபோய் இரண்டு மூன்று வருடமாகிறது. சண்டை ஒன்றும் கிடையாது. அவளுக்கு அவள் அறை, எனக்கு என் கராஜ். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவளாக ஒரு நாள் கராஜுக்கு வந்தாள், கையில் ஒரு தாளோடு. தீபாவளிக்கு முந்தின நாள்.

"அப்பா, நீங்க போன்ல ஃபார்ம் ஃபார்ம்னு கஷ்டப்பட்டீங்கள்ல? நான் முடிச்சுட்டேன். இந்தியாவுக்கு அனுப்ப ஒரு பக்கம்தான். நீங்க சைன் பண்ணினா நாளைக்கே போஸ்ட் பண்ணிடலாம்."

தாளை நீட்டினாள். பெயர், முகவரி, பொருள், எடை. மிக்கேலின் முகவரியை அத்தையிடம் கேட்டு வாங்கித் தானே எழுதியிருந்தாள். தமிழில் வேறு, கோணல் மாணலாக, திரேஸ்புரம் என்று.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் தலையைத் தடவியிருக்க வேண்டும். "உன்னை யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னா? உன் வேலையைப் பார்த்துட்டு இரு" என்று கத்தினேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை. வேலை மேசை மேல் கிடந்த இழைப்புளியையும் அதைச் சுற்றிக் கிடந்த பதினொரு அட்டைகளையும் பார்த்தாள்.

"பாக்ஸ்ல போட்டு சீல் பண்ணியாச்சுன்னு சொன்னீங்க."

அவள் இழைப்புளியைக் கையில் எடுத்தாள்.

"இதுக்கு என்ன ஆச்சு?"

பிறகு சொன்னேன். முழுதும் சொன்னேன், கண்ணாடித் தகடு, உப்புத்தாள், கிரெக் தட்டிக் கொடுத்தது எல்லாம். வயிறு என்பதற்கு அவளுக்கு வேறு அர்த்தம் தெரியாது, கையால் காட்டினேன். கேட்டுக்கொண்டே அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அதுவும் நான் செய்ததுதான், அவள் அதில் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்றோ.

"அப்பா, அந்த அங்கிள் வெயிட் பண்றார்" என்றாள். "நீங்க தப்பு பண்ணினது அவருக்குத் தெரியாது. வெயிட் பண்ணினா வரும்னு நினைக்கிறார். அது ரொம்ப மோசம் அப்பா."

அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், அதில் சுற்றி வளைக்க இடமே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாளைக்குத் தீபாவளி, நல்ல நாளும் பொழுதுமாக வேண்டாம், மறுநாள் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதிலும் ஒரு நாள் கடத்தினேன், பாருங்கள். மிக்கேல் கிறிஸ்தவர், அவருக்கு அது நல்ல நாளும் இல்லை, கெட்ட நாளும் இல்லை. அமாவாசை நாள், அவ்வளவுதான்.

7

தீபாவளிக்கு மறுநாள் பெர்த்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் அழைத்தேன். அங்கே மூன்றரை மணி. தேன்மொழி பக்கத்தில் வந்து நின்றாள். முதன்முறையாக மிக்கேலின் முகத்தைப் பார்த்தேன். கறுத்து மெலிந்த முகம், காதோரம் பென்சில். பின்னால் வெயிலும் கடலும் ஒரே வெளிச்சமாக இருந்தன.

"சொல்லுங்க அண்ணாச்சி. பார்சல் கெளம்பிட்டா?"

"பார்சல் போடவே இல்ல தம்பி. நான் ஒன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

இழைப்புளியைக் கவிழ்த்து அடியை அவருக்குக் காட்டினேன். மிக்கேல் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போய்ப் பார்த்தார்.

"அடிய நேராக்கியிருக்கிய" என்றார். "எதுக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கோணலாக இருந்தது, அதனால் என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

"ஒங்க வம்சத்துப் பொருள நாசம் பண்ணிட்டேன். நூறு வருசத்துச் சாமான். எப்பிடிச் சொல்லதுன்னு தெரியாமத்தான் தம்பி இழுத்தடிச்சேன். என்னை மன்னிச்சிரு."

"நூறு வருசமா? யாரு சொன்னா?" மிக்கேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்த வேகத்தில் போயும்விட்டது. "அது எட்டு வருசம் ஆவுது அண்ணாச்சி. நாந்தான் செதுக்குனேன், இந்தத் துறையில ஒக்காந்து. மீனெண்ணெ போட்டுப் போட்டுக் கறுத்துப் போயிட்டு. ரெண்டு நாள் வேலை. கருவேலங்கட்டை எங்கனயும் கெடக்கு."

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாந்தி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மிக்கேலே மேலே பேசினார்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தியன்னா மறுநாளே வேற கட்டைய எடுத்திருப்பேன். வருதுன்னு சொன்னிய. ஒங்க அக்காவும் வருதுன்னாவ. வாரத எதுக்குச் செய்யணும்னு இருந்துட்டேன்."

பிறகு போனைத் திருப்பிக் காட்டினார். ஈர மண். தோணிக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகள் சரிந்து கிடந்தன. இழுத்துக்கொண்டு போன தடம் தண்ணீர் வரைக்கும் இருந்தது. தோணி இல்லை.

"நேத்துத் தண்ணி ஏறயில எறக்கிட்டாங்க. மொதலாளி போன வாரமே வேற ஓடாவிய வச்சு முடிச்சிட்டாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல, எத்தன நாள் பொறுப்பாரு? நாளைக்கு நாளைக்குன்னு நாந்தான அவருகிட்டச் சொல்லிட்டு இருந்தேன்."

என் பொய் அங்கே போய் அவருடைய பொய்யாகியிருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தேன்மொழிக்கு எவ்வளவு புரிந்ததோ, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத இப்பமே அனுப்பி வச்சிருதேன் தம்பி. நாளைக்கே."

"இரும்ப மட்டும் கழத்தி அனுப்புங்க. அது நல்ல இரும்பு. கட்டை வேண்டாம், இங்கன வந்தா அடுப்புலதான் வைக்கணும்."

என்னால் அதோடு விட முடியவில்லை. ஏதாவது ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டால் அன்றைக்குத் தூங்கலாம் என்று மனசு அலைந்தது. "அடுத்த தோணி எப்பம் வருது தம்பி?" என்று கேட்டேன்.

மிக்கேல் காதோரப் பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்த மொதலாளிக்குத்தான் இங்கன மூணு தோணி. இனிம கூப்புட மாட்டாரு. கருவிய வித்துட்டுக் கத சொல்லுதான்னு துறையில எம்பேர்ல பேச்சாயிட்டு" என்றார். "சரி, வைக்கட்டுமா அண்ணாச்சி?"

"வை தம்பி" என்றேன்.